ஏரிக்கரையில் ஒன்பது பேருக்குச் சாப்பாடு

இருபத்திரண்டு வருடத்தில் முதலாளி எங்களுக்கு இலவசமாகக் கொடுத்த ஒரே பொருள், தேதி முடிந்துபோன இருமல் மிட்டாய் ஒரு பெட்டி. அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை காலை என் மேஜைக்கு எதிரில் வந்து நின்றார். "வியாழக்கிழமை பட்டறைக்கு லீவு. எல்லாரும் பெரிய பூங்காவுக்குப் போறோம். நாள் முழுக்க சுத்திப் பாக்கறோம், மத்தியானம் ஏரிக்கரை ஓட்டல்ல சாப்பிடறோம். எங்க எப்ப போறதுன்னு நீயே ஒரு திட்டம் போட்டுக் குடும்மா" என்றார்.

இதைக் கேட்டு சந்தோஷப்பட வேண்டும் என்று நினைப்பவர்கள் எங்கள் பட்டறையில் ஒரு வாரம் வேலை பார்க்க வேண்டும். நாங்கள் தராசு பழுது பார்க்கிறவர்கள். மளிகைக் கடை, இறைச்சிக் கடை, மருந்துக் கடை என்று இந்த வட்டாரத்துத் தராசுகள் எல்லாம் வருடத்துக்கு ஒரு முறை எங்களிடம் வந்தாக வேண்டும். வருகிற ஒவ்வொரு தராசும் பொய் சொல்கிறது என்று வைத்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பிப்போம். ஒருவர் எடைக்கல்லை வைத்து முள் காட்டுவதைப் படித்து எழுதுவார். அவர் எழுதியதைப் பார்க்காமல் இன்னொருவர் மறுபடியும் வைத்துப் படிப்பார். இரண்டும் ஒத்துப்போனால் தாள் என்னிடம் வரும். நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்தத் தராசு கடைக்குத் திரும்பும். இத்தனை வருடத்தில் என் கையெழுத்தோடு போன ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான்.

"திடீர்னு எதுக்கு சார் பூங்கா?" என்று கேட்டேன்.

"ஏன், நாம போகக் கூடாதா?"

"வீட்டுல இருக்கறவங்களையும் கூட்டிட்டு வரலாமா?"

"வேண்டாம். நாம மட்டும்."

"அப்ப வாட்ச்மேன் அண்ணன் இங்க இருக்கட்டும். பூட்டிப் போட்டுட்டுப் போற இடமா இது?"

"அவரும் வரணும். ஒருத்தர்கூட இங்க இருக்கக் கூடாது. சாவிக்கொத்த புதன்கிழமை சாயங்காலம் என்கிட்ட குடுத்துடு." சொல்லிவிட்டு அவர் தன் அறைக்குள் போய்விட்டார். கதவை வேறு சாத்திக்கொண்டார். எழுபதைத் தாண்டிய மனிதர், காது மந்தம், கதவைச் சாத்தினால் அழைப்பு மணி கேட்காது என்று எப்போதும் திறந்தே வைத்திருப்பவர்.

ஒருத்தர்கூட இங்கே இருக்கக் கூடாது. இந்த வாக்கியத்தை நான் அன்று முழுக்க மென்றுகொண்டிருந்தேன். போன மாதம் இரண்டு பேர் வந்து டேப் வைத்து எங்கள் பின்வாசலின் அகலத்தையும் உயரத்தையும் அளந்துகொண்டு போனார்கள். கேட்டதற்கு, தீ பிடித்தால் வெளியேற வழி இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள் என்றார் முதலாளி. தீ பிடித்தால் மனிதர்கள் வெளியேற எதற்கு மேல்சட்டம் வரை அளக்க வேண்டும்? ஓடுகிறவன் ஏழடி உயரமா இருப்பான்?

சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பின்தெருவில் ஒரு பித்தான் தொழிற்சாலை இருந்தது. என் நாத்தனார் அங்கே பதினோரு வருடம் வேலை பார்த்தாள். ஒரு நாள் எல்லோரையும் பஸ் வைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். ஐஸ்கிரீம்கூட வாங்கிக் கொடுத்தார்களாம். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் மெஷின் ஒன்றுகூட இல்லை. தரையில் போல்ட் கழற்றிய ஓட்டைகள்தான் மிச்சம். இன்றுவரை அவள் வீட்டில் யாராவது ஐஸ்கிரீம் என்று சொன்னால் எழுந்து போய்விடுவாள். எனக்கு நாற்பத்தெட்டு வயது. என் கையெழுத்துக்கு இந்தப் பட்டறையின் உரிமத்தோடு சேர்ந்துதான் மதிப்பு. பட்டறை போனால் நான் வெறும் பேனா வைத்திருக்கிற பெண்பிள்ளை. இந்த வயதில் என்னை எவர் கூப்பிட்டு வேலை கொடுப்பார்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சலூன் வைத்திருக்கிறார். யார் கழுத்தை நீட்டினாலும் நம்பி வேலை பார்க்கிற மனிதர்.

"ஒரு மனுஷன் சாப்பாடு போடறேங்கறான். போய் சாப்பிட்டுட்டு வாயேன். உனக்கு வெந்நீர் சுட்டாக்கூட சந்தேகம்" என்றார்.

"வெந்நீர் சுடலாம். நம்ம முதலாளி சாப்பாடு போட மாட்டார்."

"சரி, வா, பூங்காவப் பாத்துட்டு வருவோம். திட்டம் போடணும்னு சொன்னேல்ல. அதையாவது ஒழுங்கா போடு."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் போனோம். பட்டறையிலிருந்து பஸ்ஸில் பதினைந்து நிமிடம். பெரிய பூங்கா என்று சும்மா சொல்வதில்லை. ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியே வர முக்கால் மணி நேரம் ஆகிறது. நான் கையில் கடிகாரத்தையும் நோட்டையும் வைத்துக்கொண்டு நடந்தேன். வடக்கு வாசலிலிருந்து படகுத் துறைக்கு ஒன்பது நிமிடம். படகு பத்து மணிக்கு மேல்தான் விடுவார்கள், ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிடம். அங்கிருந்து கண்ணாடிச் செடி வீடு ஏழு நிமிடம், முதலாளியின் முழங்காலுக்குப் பன்னிரண்டு. பறவைக் கூண்டைச் சுத்தம் செய்ய ஒரு மணிக்கு மூடுவார்கள், மறுபடி மூன்று மணிக்குத்தான் திறப்பு. குட்டி ரயில் ஏரியைச் சுற்றி வந்து ஓட்டல் வாசலிலேயே நிற்கும். எங்கெங்கே பெஞ்சு, எங்கெங்கே குடிதண்ணீர், எல்லாவற்றையும் எழுதினேன். வீட்டுக்காரர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கடலை சாப்பிட்டார். வெளிச்சம் ஏரித் தண்ணீரில் கிடந்ததைப் பார்த்து, "எவ்வளவு நல்லா இருக்கு பாரு" என்றார். நான் அப்போது பின்பக்க வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை திட்டத்தை முதலாளியிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். ஓட்டல் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை எடுத்து, எட்டு பேர் என்று நான் எழுதியிருந்ததை அடித்து ஒன்பது என்று போட்டார்.

"நாங்க ஏழு பேரு, நீங்க ஒருத்தர். எட்டுதான் சார்."

"ஒன்பதுன்னே சொல்லிடு."

"ஒன்பதாவது யாரு சார்?"

"ஒரு நாற்காலி கூட இருந்தா என்னம்மா இப்ப?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த ஒரு ஊசியை எடுக்கிற மாதிரி குனிந்துகொண்டார். அங்கே ஊசி எதுவும் இல்லை, நான் பார்த்தேன். 

மத்தியானம் அவர் வங்கிக்குக் கிளம்பியதும் ஏழு பேரும் பின்பக்கம் கை கழுவுகிற இடத்தில் கூடினோம். மூத்த மெக்கானிக்கை நாங்கள் கிராம் அண்ணன் என்போம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால்கூட, எழுபத்தி ரெண்டு கிலோ நானூறு இருப்பார் என்று சொல்கிற ஆள். அவருக்கு அடுத்து லேத்துக்காரர், வேன் ஓட்டும் டிரைவர், வாட்ச்மேன் அண்ணன், பாகங்களைப் பொருத்தும் அக்கா தங்கை இருவர், பிறகு நான்.

"ஒன்பதாவது ஆள் வக்கீல்தான். சாப்பிடற நேரத்துல கணக்கு முடிச்சுத் தாள நீட்டுவாங்க" என்றார் கிராம் அண்ணன்.

"அதுக்குள்ள இங்க லாரி வந்துடும்" என்றார் லேத்துக்காரர். அவருக்கு அவர் லேத் போய்விடும் என்ற கவலை. அதற்கு அவர் வீட்டு ஆட்களைவிட அதிகமாக எண்ணெய் போடுகிறார்.

"அப்ப நாம போக வேண்டாம்" என்றாள் தங்கை.

"போகலன்னா நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சுடும்" என்றாள் அக்கா. "இன்னொரு நாள் சொல்லாம செய்வாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திட்டம் என் கையில் இருந்தது. அதைக் குழாய்க்குப் பக்கத்தில் விரித்து, பேனாவால் மூன்று கோடு போட்டேன். படகு போகிற நேரத்தில் கிராம் அண்ணனும் லேத்துக்காரரும் பூங்காவின் பின்வாசல் வழியாகப் போய் பஸ் ஏறிப் பட்டறைக்குப் போக வேண்டும். பட்டறையின் பின்வாசலுக்கு எதிரில், காசு கொடுத்து மெஷினில் நாமே துவைத்துக்கொள்கிற சலவைக் கடையில் உட்கார்ந்து நம் கதவைப் பார்க்க வேண்டும். செடி வீட்டு நேரத்தில் டிரைவரும் வாட்ச்மேன் அண்ணனும் போய் அவர்களை மாற்ற வேண்டும். பறவைக் கூண்டு நேரத்தில் அக்கா தங்கை. ஒன்றே முக்காலுக்குச் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் இருக்க வேண்டும். ஆள் மாறுகிற நேரம் தவிர இரண்டு பேருக்கு மேல் காணாமல் போகக் கூடாது. இரண்டு பேர் இல்லை என்றால் கழிப்பறை என்று சொல்லலாம். நான் முதலாளியை விட்டு நகர மாட்டேன்.

"ரெண்டு ரெண்டு பேரா போறது நல்லது. ஒரு கண்ணு பாக்கறது பார்வையே இல்ல" என்றார் கிராம் அண்ணன். வேலையில் உள்ள விதியே அதுதானே. இவ்வளவு கச்சிதமான திட்டத்தை நான் அதற்கு முன் போட்டதில்லை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை முதலாளி புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். தலையில் தொப்பி. வடக்கு வாசலில் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். அதுவே சந்தேகத்தைக் கூட்டியது. படகுத் துறையில் கிராம் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார், லேத்துக்காரர் துணைக்குப் போனார். முதலாளி படகின் நடுவில் உட்கார்ந்து, பின்னால் துடுப்புப் போடுகிறவரிடம் இந்த ஏரி எவ்வளவு ஆழம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நடுநடுவே கடிகாரத்தைப் பார்த்தார். அவர் ஒரு முறை பார்த்தால் நான் இரண்டு முறை பார்த்தேன்.

"ஏம்மா, நீ எங்ககிட்ட வந்து எத்தன வருஷம் ஆச்சு?" என்றார்.

"இருபத்திரண்டு சார்."

"ம்." தண்ணீரில் விரலை விட்டுக்கொண்டு வந்தார். "நல்ல கை உனக்கு" என்றார். பிரிவு உபசார விழாவில் பேசுகிற மாதிரி இருந்தது எனக்கு.

செடி வீட்டு வாசலில் டிரைவரும் வாட்ச்மேன் அண்ணனும் நழுவினார்கள். திட்டப்படி கிராம் அண்ணனும் லேத்துக்காரரும் பன்னிரண்டு மணிக்குள் திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. போன் போட்டேன், எடுக்கவில்லை. பறவைக் கூண்டில் அக்காவும் தங்கையும் கிளம்பினார்கள். முன்னால் போன நால்வரில் ஒருவரும் திரும்பவில்லை. கிளிகளுக்கு எதிரில் நானும் முதலாளியும் மட்டும் நின்றோம். ஒரு கிளி எங்களைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது.

"எங்கம்மா எல்லாரும்?"

"பின்னாடி வர்றாங்க சார். செடி வீட்டுல ஏதோ பூ பூத்திருக்குன்னு நின்னுட்டாங்க."

"நான் போய் மேஜையில உக்காந்திருக்கேன். ஒன்றே முக்காலுக்கு எல்லாரும் இருக்கணும்மா. ரொம்ப முக்கியம்." கடைசி இரண்டு சொற்களை அவர் மெதுவாகச் சொன்னார். சத்தமாகப் பேசியே பழகியவர் மெதுவாகப் பேசினால் அதற்கு ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும் என்று நினைத்தேன். லாரி வந்துவிட்டது, ஆறு பேரையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்றெல்லாம் மனசு ஓடியது. அவர் குட்டி ரயிலில் ஏறியதும் நான் பின்வாசலுக்கு ஓடினேன். இந்த வயதில் ஓடக் கூடாத ஓட்டம்.

பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தால், சலவைக் கடையில் ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். துணி போடாதவர்கள் உட்காரக் கூடாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். அதனால் கிராம் அண்ணன் தன் ஸ்வெட்டரைக் கழற்றி மெஷினில் போட்டிருந்தார். மூன்றாவது முறையாக அது சுற்றிக்கொண்டிருந்தது. தங்கை தன் துப்பட்டாவைப் போட்டிருந்தாள். எல்லோருடைய கண்ணும் கண்ணாடிக்கு அப்பால் தெருவில் இருந்தது. எங்கள் பட்டறையின் பின்வாசலைத் தொட்டுக்கொண்டு ஒரு பெரிய லாரி நின்றிருந்தது.

"பதினொன்னு பத்துக்கு வந்துச்சு. இன்னும் கதவத் திறக்கல, யாருக்கோ காத்திருக்காங்க. அதான் நாங்க நகரல" என்றார் லேத்துக்காரர்.

"மாத்த ஆள் வந்தாச்சுல்ல, நீங்க ஏன் திரும்பி வரல?" என்றேன்.

கிராம் அண்ணன் என்னைத் தனியாக இழுத்தார். "டிரைவரு அந்த லாரிக்காரனப் பாத்துக் கைய ஆட்டினாரு. அவரத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது?"

அந்தப் பக்கம் டிரைவர் என் காதில், "ஒரே தொழில்ல இருக்கறவன், தெருவுல தினம் பாக்கறவன், கைய ஆட்டக் கூடாதா? இவரு என்னடான்னா ஒரு மணி நேரமா என்னையே பாத்துட்டு இருக்காரு. இவருக்கும் முதலாளிக்கும் என்னமோ இருக்கு, அதான் நான் போகல" என்றார். வந்த வேலையை முடிக்காமல் எப்படிக் கிளம்புவது என்று அக்காவும் தங்கையும் உட்கார்ந்துவிட்டார்கள். வாட்ச்மேன் அண்ணன் மட்டும் யாரையும் சந்தேகப்படவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்போது லாரியின் கதவு திறந்தது. ஏழு பேரும் எழுந்து நின்றோம். உள்ளேயிருந்து இரண்டு ஆட்கள் ஒரு மெத்தையை இறக்கினார்கள். அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கட்டடத்தின் படியில் ஏறினார்கள். பிறகு ஒரு அலமாரி, பிறகு ஒரு குழந்தைத் தொட்டில். எந்த வீட்டுக்கோ யாரோ குடிவருகிறார்கள். எங்கள் பட்டறையின் பூட்டு பூட்டியபடியே தொங்கியது. நாங்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

என் போன் அடித்தது. முதலாளி. மணி இரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது.

"எங்கம்மா இருக்கீங்க?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை நான். "பறவைக் கூண்டுகிட்டதான் சார் இருக்கோம். எல்லாரும் கிளியப் பாத்துட்டு இருக்காங்க. இதோ வந்துட்டோம்."

அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னார், "நீ எழுதின தாள் என் கையிலதாம்மா இருக்கு. பறவைக் கூண்ட ஒரு மணிக்கு மூடிடுவாங்கன்னு போட்டிருக்கே." போனை வைத்துவிட்டார்.

நான் மட்டும் போனேன். மற்றவர்கள் வரவில்லை. மெத்தை லாரி ஒரு கண்துடைப்பு, அது போன பிறகு நிஜ லாரி வரும் என்று கிராம் அண்ணன் சொன்னார். டிரைவரும் அவரும் முதல் முறையாக ஒத்துப்போனார்கள்.

ஏரிக்கரை ஓட்டலில் நீளமான மேஜை போட்டிருந்தார்கள். வெள்ளை விரிப்பு, ஒன்பது தட்டு, மடித்து நிறுத்திய ஒன்பது துணி. அதில் இரண்டு மட்டும் பிரித்திருந்தது. முதலாளி ஒரு பிரித்த துணிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலி பின்னால் தள்ளிக் கிடந்தது. அதன் எதிரில் பாதி குடித்த சூப்.

"உக்காரும்மா" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"யாரு சார் வந்தது?"

அவர் சொன்னார். கட்டடத்தின் குத்தகை மாதக் கடைசியில் முடிகிறது. கட்டடக்காரர் நீட்டிக்க மாட்டேன் என்றுவிட்டார். இன்னொரு இடம் பார்த்துப் புதிதாக ஆரம்பிக்க அவருக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. பட்டறையை வாங்க நான்கு பேர் வந்தார்கள். மூன்று பேர் மெஷின் மட்டும் போதும் என்றார்கள். நான்காவது ஆள் ஒரு அம்மா. பக்கத்து நகரத்தில் தராசு செய்கிற கம்பெனி வைத்திருக்கிறார். இங்கேயே வேறு இடம் எடுத்து, அத்தனை பேரையும் வைத்துக்கொள்கிறேன் என்றவர் அவர் ஒருவர்தான். மெஷின் வெளியே போகுமா என்று வாசலை அளந்தவர்களும் அவர் ஆட்கள்தான்.

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லக் கூடாதுன்னு அந்தம்மா சொன்னாங்க. தெரிஞ்சா எல்லாரும் நல்ல பிள்ளையா நடிப்பாங்க, எனக்கு நிஜமா இருக்கறவங்களப் பாக்கணும், கூட உக்காந்து ஒரு வேள சாப்பிடணும்னாங்க. நாமளும் கடைக்காரன்கிட்ட சொல்லிட்டா தராசு பாக்கப் போறோம்? அவங்க கேட்டது நியாயம்னுதான் எனக்குப் பட்டுச்சு. ஒருத்தரும் வேலைன்னு அங்க நின்னுடக் கூடாதுன்னுதான் சாவியவே வாங்கி வெச்சேன்."

"காத்திருந்தாங்களா?"

"ஒன்றரைக்கே வந்துட்டாங்க. ஆளக் காணோம்னதும் சிரிச்சாங்க, படகுல மாட்டிக்கிட்டாங்க போலன்னு. நான்தான் போன் போட்டுக் கேட்டேன்."  அவருக்குக் காது மந்தம். போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துத்தான் பேசுவார். இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம். "நீ பேசினத அவங்க கேட்டாங்க. யாரு இதுன்னாங்க. கையெழுத்துப் போடறவங்கன்னு சொன்னேன். சொல்லாம இருந்திருக்கலாம். எனக்குப் பொய் சட்டுனு வராது."

"என்ன சொன்னாங்க சார்?"

"மெஷின் எங்க வேணா கிடைக்கும், நான் வாங்க வந்தது அந்தக் கையெழுத்தன்னாங்க. இனிமே மெஷின் மட்டும் போதும்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க."

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. நாற்பத்தெட்டு வயதில் ஓட்டல் விரிப்பின் நுனியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதேன். அவமானமாக இருந்தது. என்னை யாரோ ஏமாற்றுவார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் அந்த மேஜையில் கேட்ட ஒரே பொய் என்னுடையது.

"அவங்ககிட்ட நான் பேசறேன் சார். நடந்தத அப்படியே சொல்றேன்."

"நான் வாசல் வரைக்கும் பின்னாடியே போய்ச் சொல்லிப் பாத்தேன். நீங்க எல்லாம் பயந்துபோய்ப் பட்டறையக் காவல் காக்கப் போயிருப்பீங்கன்னுகூடச் சொன்னேன். உங்கள எனக்குத் தெரியாதா? எதுக்கும் ஒரு வழி இருக்கு. நாளைக்குக் காலைல ஏழு பேரும் அவங்க ஆபீசுக்கு வந்து, எதிர்ல நின்னு உள்ளதச் சொன்னா மறுபடி யோசிக்கிறேன்னாங்க. ஏழு பேரும் வரணும். ஒருத்தர் குறைஞ்சாலும் வேண்டாமாம்."

நான் உடனே போனை எடுத்தேன். கிராம் அண்ணன் முதல் மணியிலேயே எடுத்தார். "ஒருத்தனும் உள்ள வரல. பூட்டு பத்திரமா இருக்கு" என்றார், பெருமையாக.

எல்லாவற்றையும் சொன்னேன். குத்தகை, அந்த அம்மா, ஒன்பதாவது நாற்காலி, நான் சொன்ன பொய், நாளைக் காலை போக வேண்டிய இடம். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நான் முடித்த பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு மற்றவர்களிடம் ஏதோ சொன்னார். சலவை மெஷின் சுற்றுகிற சத்தம் கேட்டது. லேத்துக்காரரின் குரல் கேட்டது, அக்காவின் குரலும்.

பிறகு கிராம் அண்ணன் மறுபடி போனுக்கு வந்தார். குரல் மாறியிருந்தது. இத்தனை வருடத்தில் என்னிடம் அவர் பேசாத ஒரு மரியாதையோடு பேசினார்.

"நீங்க மட்டும் ஏன் தனியா போனீங்கன்னு இங்க கேக்கறாங்க" என்றார். "முதலாளி பக்கத்துலதான் இருக்காரா?"

"ஆமாம் அண்ணே, பக்கத்துலதான் இருக்காரு. அவருகிட்டயே குடுக்கறேன், பேசுங்க."

"வேண்டாம்" என்றார். "காலைல பட்டறைய விட்டுட்டு ஏழு பேரும் வெளியூர் போகணும், அதானே? உங்களுக்கு என்ன குடுக்கறேன்னு சொல்லியிருக்காரு?"